மஞ்சள் ஆச்சரியக்குறி

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்கேனர் ஏதாவது இருக்கிறதா? வெள்ளையாக வாங்கி இப்போது பழுப்பேறிப்போய், மேலே கொலு பொம்மைப் பெட்டியும் பக்கத்தில் ஓடாத டேபிள் ஃபேனுமாக? இருந்தால் இதைப் படித்து முடிக்கும் வரைக்குமாவது பழைய பேப்பர்காரரைக் கூப்பிடாதீர்கள்.

நான் கூப்பிட்டுவிட்டேன். பேரமும் படிந்துவிட்டது. அவர் ஸ்கேனரைத் தூக்கிச் சாக்கில் போடும் நேரத்தில் சைதாப்பேட்டையிலிருந்து அத்தையின் போன்.

"ஏம்ப்பா, உங்கப்பா பெட்டியில ஃபிலிம் ஏதோ கெடச்சுதாமே?"

கிடைத்தது வாஸ்தவம். அப்பா தவறி இரண்டு வருஷம் யாரும் தொடாமல் இருந்த டிரங்குப் பெட்டியைப் போன தை மாதம்தான் திறந்தோம். இன்ஷூரன்ஸ் ரசீதுகள், காலாவதியான ரேஷன் கார்டு, எதற்கென்று தெரியாத ஏழு சாவிகள், ஒரு அக்ஃபா க்ளிக் 3 கேமரா. ஐம்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு அந்தக் கேமராவை நினைவிருக்கும். பரோடாவில் தயாராகி, நடுத்தரக் குடும்பங்களின் கல்யாணம், காதுகுத்து, மகாபலிபுரம் பிக்னிக் எல்லாவற்றையும் பிடித்துவைத்த கறுப்புப் பெட்டி. 120 ரோல் ஃபிலிம். ஒரு ரோலுக்கு 12 படம். ஒவ்வொரு நெகட்டிவும் 6 சென்டிமீட்டர் சதுரம்.

கேமராவுக்கு அடியில் வெண்ணெய்த்தாளில் மடித்த நெகட்டிவ்கள். ஒரு மடிப்பின் மேல் அப்பாவின் மணிமணியான கையெழுத்து: '78 மே. சைதை. பாப்பா.'

பாப்பா என்பது அத்தையின் மூத்த பெண். 1979-ல் மூளைக் காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயது. அவள் படங்கள் அத்தை வீட்டு ஆல்பத்தில் இருந்தன, 2015 டிசம்பர் வரை. அந்த ஒன்றாம் தேதி ராத்திரி அடையாறு பெருகி வீட்டுக்குள் வந்தபோது எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். கீழே இருந்த பீரோவில் ஆல்பம். தண்ணீர் வடிந்து திறந்து பார்த்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் வெறும் வெள்ளைக் காகிதம். முகங்கள் எல்லாம் சேறாகக் கரைந்து போயிருந்தன.

"அவ மொகம் ஞாபகம் இருக்குப்பா" என்றார் அத்தை. "ஆனா அது நெஜமாவே அவ மொகந்தானா, இல்ல நானா பண்ணிக்கிட்டதான்னு இப்பல்லாம் சந்தேகமா இருக்கு."

அத்தைக்கு 84 வயது. பேப்பர்காரரிடம் மன்னிப்புக் கேட்டு ஸ்கேனரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

'இதற்கு எதற்கு ஸ்கேனர், செல்போனில் எடுத்தால் போச்சு' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. எடுத்துப் பார்த்தேன். லேப்டாப் திரையை வெள்ளையாக்கி, அதன் மேல் நெகட்டிவை வைத்து. திரையின் புள்ளிகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. ஸ்டுடியோக்களில் விசாரித்தேன். பெரிய நெகட்டிவா, இங்கே வசதியில்லை, கூரியரில் வெளியூர் அனுப்ப வேண்டும் என்றார்கள். அத்தை ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோனது போக மிச்சம் இதுதான், தபாலில் எல்லாம் போடக் கூடாது.

பரண் ஸ்கேனரில் ஒரு விசேஷம் உண்டு. காகிதத்தை ஸ்கேன் செய்ய, பட்டுத் திரும்பும் வெளிச்சம் போதும். ஃபிலிமுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும். அதற்காக இதன் மூடியிலேயே ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். இன்றைக்கு பிரிண்டரோடு சேர்ந்து வரும் சாதாரண ஸ்கேனர்களில் அந்த மூடி விளக்கு கிடையாது. 2002-ல் ரிச்சி தெருவில் ஒரு முழு சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கியது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை தனிக் கட்டுரை.

தூசு தட்டி, துடைத்து, லேப்டாப்பில் யு.எஸ்.பி. ஒயரைச் செருகினேன். விண்டோஸ் 11. 'டிடிங்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால், 'இதர சாதனங்கள்' என்ற தலைப்பின் கீழ், பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மஞ்சள் முக்கோணம், நடுவில் ஆச்சரியக்குறி. அதற்கு அர்த்தம்: யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. டிரைவர் இல்லை.

டிரைவர் என்ற பெயரே நம் ஊரில் குழப்பம். கேட்டவுடன் காக்கிச் சட்டை ஞாபகம் வருகிறது. என்னைக் கேட்டால் துபாஷி என்று வைத்திருக்கலாம். பாண்டிச்சேரியில் டூப்ளே துரைக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அந்த உத்தியோகம். இரண்டு பாஷை தெரிந்தவர். துரைக்குத் தமிழ் தெரியாது, வியாபாரிக்கு பிரெஞ்சு தெரியாது, நடுவில் பிள்ளை. கம்ப்யூட்டரிலும் இதேதான். 'ஸ்கேன் செய்' என்று விண்டோஸ் பொதுவாகத்தான் சொல்லும். விளக்கைப் போடு, சூடாகும்வரை பொறு, மோட்டாரை இத்தனை அடி நகர்த்து, ஒரு வரி படித்து அனுப்பு என்று அதை அந்தந்த மாடலின் சங்கேத பாஷையில் பெயர்த்துச் சொல்வது டிரைவர். ஒவ்வொரு மாடலும் ஒரு தனி பாஷை. டிரைவர் இல்லாவிட்டால் ஸ்கேனர் கண்ணாடி போட்ட மரப்பலகை.

டாஸ் காலத்தில் இந்தக் கூத்து இன்னும் விசேஷமாக இருந்தது. துபாஷியை ஒவ்வொரு புரோகிராமும் தானே வைத்துக்கொள்ள வேண்டும். வேர்ட்ஸ்டாருக்கு ஒரு பிரிண்டர் டிரைவர், லோட்டஸ் 1-2-3-க்கு வேறொன்று. புதுசாக ஒரு கார்டு செருகினால், ஐ.ஆர்.க்யூ. என்ற 16 எண்களுக்குள் காலியாக இருப்பதைத் தேடி, கார்டின் மேலுள்ள பொடி ஜம்பர்களைக் குறடால் பிடுங்கி மாற்ற வேண்டும். சவுண்ட் கார்டுக்கு 5, பிரிண்டருக்கு 7 என்று சீட் ரிசர்வேஷன் மாதிரி. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் வந்தால் தகராறு. என் முதல் கம்ப்யூட்டரில் மவுஸுக்கும் மோடத்துக்கும் ஒரே எண். மவுஸை அசைத்தால் இன்டர்நெட் செத்துவிடும். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈமெயில் பார்த்தோம்.

1995-ல் விண்டோஸ் 95 'ப்ளக் அண்ட் ப்ளே' என்று வந்தது. செருகு, ஓட்டு. உலகமே அதை 'ப்ளக் அண்ட் ப்ரே' என்று மாற்றிக்கொண்டது. செருகு, சாமி கும்பிடு. 1998 ஏப்ரலில் சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சி. வெளிவரப்போகும் விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பாருங்கள், எவ்வளவு சுலபம் என்று ஒரு பொருளைச் செருகினார் உதவியாளர். திரை முழுக்க நீலம். கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது. கூட்டம் கை தட்டிச் சிரித்தது. இதனால்தான் இன்னும் கடைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார் பக்கத்தில் நின்ற பில் கேட்ஸ். அவர்கள் செருகிய பொருள் என்ன தெரியுமா? ஸ்கேனர்.

பில் கேட்ஸுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிரைவர் சிடியைத் தேடினேன். சிடி கிடைத்தது. லேப்டாப்பில் சிடி போட இடமில்லை. பக்கத்து வீட்டில் வெளியே செருகும் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டால், இந்த டிரைவர் விண்டோஸ் 98, 2000, எக்ஸ்.பி.க்கு மட்டும் என்றது. ஸ்கேனர் செய்த கம்பெனியின் தளத்துக்குப் போனேன். கம்பெனி பேர் வேண்டாம், இந்த விஷயத்தில் பலரும் ஒரே மாதிரிதான். இந்த மாடலுக்கான ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு வரி. அதற்குக் கீழே புது மாடலின் அழகான படம்.

முன்பெல்லாம் மோடத்துக்கு டிரைவர் வேண்டுமென்றால் இன்டர்நெட்டில் இருக்கிறது என்பார்கள், இன்டர்நெட்டுக்குப் போக மோடம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். இப்போது அந்தப் பிரச்னை இல்லை. இன்டர்நெட் இருக்கிறது, டிரைவர்தான் இல்லை.

பழைய டிரைவரையே புது விண்டோஸில் வலுக்கட்டாயமாக ஏற்றக் கூடாதா? கூடாது, காரணமும் நியாயமானதுதான். துபாஷிகளில் பலர் வாசலில் நிற்பதில்லை. தர்பாருக்கு உள்ளே, துரையின் காதுக்குப் பக்கத்திலேயே இடம். கம்ப்யூட்டரில் அந்த இடத்துக்குக் கெர்னல் என்று பேர். அங்கே ஒருத்தர் உளறினால் ஆபீஸே ஸ்தம்பித்துவிடும். 2024 ஜூலை 19-ம் தேதி ஞாபகம் இருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், புதிதாக வந்த ஒரு தப்பான ஃபைலைப் படித்து விழுந்தது. கூடவே உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் கம்ப்யூட்டர்களும் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அதனால்தான் 2007-ல் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்து உள்ளே நுழையும் டிரைவருக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம் என்றார்கள். அதோடு, 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிரைவர் வேலை செய்யாது. தர்பாரின் பாஷையே மாறிவிட்டது. விண்டோஸ் 11-ல் 64 பிட் தவிர வேறு பதிப்பே கிடையாது. என் ஸ்கேனரின் துபாஷிக்குத் தெரிந்தது பழைய பாஷை மட்டும். புதுசைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்கள். அவர்கள்தான் புது மாடல் படம் காட்டுகிறார்களே.

ஆக, விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பொருள் சாகவில்லை. அது பேசுவது புரியாததால் செத்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சரிப்பா, இருக்கட்டும்" என்றார். அந்த 'இருக்கட்டும்' இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் அத்தையின் பேரன் வந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். அத்தைதான் அனுப்பியிருக்க வேண்டும்.

"மாமா, லினக்ஸ்ல போட்டுப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் எனக்கு வராதுப்பா. இருக்கிற விண்டோஸும் போயிடும்."

"ஒண்ணும் போகாது மாமா. இன்ஸ்டாலே பண்ண வேணாம். ஒரு பென் டிரைவ் இருக்கா? 8 ஜி.பி. போதும்."

பென் டிரைவில் லினக்ஸை இறக்கினான். லேப்டாப்பை அதிலிருந்தே கிளப்பினான். ஸ்கேன் செய்யும் புரோகிராமைத் திறந்தான். நான் சிடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தயாராக நின்றேன். தேவைப்படவில்லை. பட்டியலில் என் ஸ்கேனரின் பெயரும் மாடல் எண்ணும் சர்வசாதாரணமாக வந்து நின்றன. சிடி கேட்கவில்லை, கையெழுத்து கேட்கவில்லை, மஞ்சள் முக்கோணம் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து 'க்ர்ர்ர்' என்று பல வருஷம் கழித்து ஒரு சத்தம் வந்தது.

அதெப்படி, செய்த கம்பெனியே கைவிட்டதை இவர்கள் வைத்திருக்கிறார்கள்? பையன் விளக்கினான். லினக்ஸில் ஸ்கேனர்களுக்கென்று 'ஸேன்' என்று ஒரு தொகுப்பு உண்டு. 1990-களிலிருந்து பல தேசத்து ஆட்கள் சேர்ந்து எழுதி வருவது. யாரோ ஒருவர் என் மாடலுக்கும் எழுதியிருக்கிறார். அந்த ஃபைலைத் திறந்தே காட்டினான். தலைப்பில் ஒரு வெளிநாட்டுப் பெயர், ஈமெயில் முகவரி, வருஷங்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் மேஜையிலும் இதே ஸ்கேனர் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஓட மறுத்திருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதிவிட்டார். பிறகு பூட்டி வைக்காமல் எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனி எனக்குக் கொடுத்த சிடி ஊறுகாய் ஜாடி மாதிரி. நல்ல ஊறுகாய்தான். ஆனால் ஜாடி தீர்ந்தால் தீர்ந்தது. இந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது பக்குவம். எத்தனை மிளகாய், எத்தனை உப்பு, எத்தனை நாள் வெயில் என்று எழுதிவைத்த குறிப்பு. 32 பிட் போய் 64 பிட் வந்தால் யாராவது அதே குறிப்பை வைத்துப் புது ஜாடி போட்டுக்கொள்ளலாம். போட்டிருக்கிறார்கள். மேலும், இது கெர்னலுக்குள் நுழைவதில்லை, வாசலில் நின்றே வேலையை முடிக்கிறது. அதனால் தர்பார் மாறினாலும் இதற்கு அதிகச் சேதமில்லை.

இந்தப் 'பக்குவத்தைப் பகிர்ந்துகொள்' சமாசாரம் கிளம்பியதே ஒரு பிரிண்டர் தகராறில்தான் என்பது வேடிக்கை. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், செயற்கை அறிவு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அடிக்கடி காகிதம் சிக்கும். அது வேறு மாடியில் இருந்தது. போய்ப் பார்த்தால்தான் சிக்கியது தெரியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர், சிக்கியவுடன் எல்லார் திரையிலும் தகவல் வரும்படி செய்ய நினைத்தார். முந்தைய பிரிண்டருக்கு அப்படிச் செய்தும் இருந்தார். ஆனால் இதை ஓட்டும் புரோகிராமின் மூல நிரல் கொடுக்கப்படவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரை நேரில் பார்த்துக் கேட்டார். தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனுக்கு ஆறவே இல்லை. 1983-ல் யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதிய கெர்னல் அதோடு சேர்ந்ததுதான் இன்றைய லினக்ஸ். காகிதம் சிக்காமல் இருந்திருந்தால் அத்தைக்குப் படம் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை.

லினக்ஸ் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. அதிலும் சில வைஃபை சிப்புகளும் கைரேகை சென்ஸர்களும் கழுத்தறுக்கும். பழைய ஸ்கேனர்களை விண்டோஸிலேயே ஓட்ட, காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. நான் சொல்வது இதுதான்: 'டிரைவர் இல்லை' என்று கம்பெனி சொன்னால், எங்கேயும் இல்லை என்று அர்த்தமில்லை. மஞ்சள் முக்கோணத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வி.ஐ.டி., பி.ஐ.டி. என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது கம்பெனி, இரண்டாவது மாடல். சாதனத்தின் அசல் ஜாதகம் அதுதான். அதை வைத்துத் தேடுங்கள். ஆனால் 'உங்கள் டிரைவர்களை எல்லாம் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்' என்று கண் சிமிட்டும் தளங்களில் எதையும் இறக்காதீர்கள். தர்பாருக்குள் போகிறவர் துபாஷியா திருடனா என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஸ்கேனரையும் பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கே போனோம். நெகட்டிவ் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாதென்பதால், அதை என்னிடம் வாங்கிய அன்றிலிருந்து அத்தை தன் தலையணைக்கடியில் வைத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்து, 78 மே மாதத்தை அதன் மேல் படுக்க வைத்து, மூடினோம். விளக்கு சூடாக ஒரு நிமிஷம். பிறகு திரையில் மேலிருந்து கீழாக, ஒரு ஒரு வரியாக, கொல்லைப்புறத்துக் கிணற்றடி வந்தது. துணிக் கொடி வந்தது. இரட்டைப் பின்னல் வந்தது. பாதி வழியில் ஸ்கேனர் நின்று மூச்சு வாங்கியது. நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். மறுபடி நகர்ந்தது.

முன் பல் ஒன்று இல்லாமல், கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"இந்த கவுன் நான் தச்சது" என்றார். "கழுத்துல லேஸ் கொஞ்சம் கோணலாப் போச்சு. பிரிச்சுத் தைக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள உங்கப்பா கேமராவோட வந்துட்டாரு."

பேரன் படத்தைப் பெரிதாக்கினான். லேஸ் கோணலாகத்தான் இருந்தது.

"இன்னும் எத்தன இருக்கு?"

"இந்த ரோல்ல பதினொண்ணு அத்தை. அதுபோக நாலு சுருள்."

"அப்ப அந்த மெஷின் இங்கயே இருக்கட்டும். மறுபடி பரண்ல தூக்கிப் போட்டுராத."

விட்டுவிட்டு வந்தேன். கிளம்புவதற்கு முன், பென் டிரைவை ஒரு கவரில் போட்டு ஸ்கேனரின் அடியில் செல்லோடேப்பால் ஒட்டினேன். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: பென் டிரைவைச் செருகி ஆன் செய்யவும், ஸ்கேனரைச் செருகவும், மூடி விளக்கைத் தேர்ந்தெடுக்கவும், ஒரு நிமிஷம் பொறுக்கவும். நாளைக்கு நானோ பையனோ பக்கத்தில் இல்லாத நேரத்தில், வேறு யாராவது இந்தப் பெட்டியைத் திறந்தால் உதவும். அப்பா மாதிரி வராது, என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். இருந்தாலும் படிக்கிற மாதிரி நிதானமாகத்தான் எழுதினேன்.